தாத்தாவின் வெடிமருந்துக் குவளையில் ‘3’ என்றால் எவ்வளவு? புதுக் குழாயோடு ஒத்துப் போகவில்லை

#1 கொள்ளிடக்கரை

வணக்கம். இத்தனை நாள் படிக்க மட்டும் செய்தவன், இன்று ஒரு சந்தேகத்தோடு வருகிறேன்.

எங்கள் ஊர் திருவையாற்றுக்கு வடக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டி. வீட்டில் தாத்தா காலத்து ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று உண்டு, குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் வகை. பயிர்ப் பாதுகாப்புக்காக வாங்கிய லைசென்ஸ் இப்போது சித்தப்பா பெயரில். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவதும், முடிந்ததும் திரும்ப எடுத்து வருவதும்தான் அதற்கு நடக்கிற பெரிய வேலை. கரும்பில் பன்றி இறங்கினால் குண்டு இல்லாமல் வெறும் மருந்தை வைத்து ஒரு சத்தம் கொடுப்பார், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு சத்தத்துக்கு மருந்து அளக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பத்தர் பொன் நிறுப்பதுபோல் இருக்கும்.

அளப்பது தாத்தாவின் பித்தளைக் குவளையில். கட்டைவிரல் பருமன், மரக் கைப்பிடி. அடிப்பகுதியை இழுத்தால் கொள்ளளவு கூடும். பக்கத்தில் 2, 2½, 2¾, 3 என்று கோடுகள். என்ன அலகு என்று எங்கும் இல்லை.

போன மாதம் மச்சான் அமெரிக்காவிலிருந்து வந்தபோது சித்தப்பாவுக்கு ஒரு புது அளவுக் குழாய் கொண்டுவந்தார். இதுவும் பித்தளை. உள்ளே ஒரு தண்டு, அதில் 10 முதல் 120 வரை கிரெயின் (ஒரு சின்ன எடை அலகு) கோடுகள். தண்டை இழுத்து, வேண்டிய கோட்டில் வைத்துத் திருகாணியை முறுக்க வேண்டும். மேலே திருப்புகிற மாதிரி ஒரு சின்னப் புனல். திருப்பினால் அதுவே தலை தட்டிவிடும்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். வீட்டுக்குள் நிஜ மருந்தை எடுக்கத் தைரியம் இல்லை. அடுப்படியிலிருந்து கடுகு எடுத்தேன். 0.01 கிராம் காட்டும் சின்ன நகைத் தராசு ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றும் பத்து தடவை அளந்ததில் சராசரி இது:

பழையது 3: 3.61 கிராம். புதியது 80: 3.63 கிராம். ஆகா, 3 என்றால் 80, முடிந்தது கதை என்று நினைத்தேன். அந்தக் கணக்கில் 2 என்பது 53 வர வேண்டும். புதியதை 55இல் வைத்தால் கொஞ்சம்தான் கூட வரும் என்று பார்த்தேன். பழையது 2: 2.41. புதியது 55: 2.53. வந்த வித்தியாசம் நான் எதிர்பார்த்ததைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

இதில் எது பொய் சொல்கிறது?

#2 மட்டுறுத்துநர்

நல்ல கேள்வி, தொடரட்டும். ஒன்று மட்டும்: எந்தத் துப்பாக்கிக்கு எவ்வளவு மருந்து என்று இங்கே யாரும் எழுத வேண்டாம். அது அந்தந்தத் துப்பாக்கியின் குழலைப் பொறுத்தது. அளவுக் கருவி சரியா தவறா என்பதோடு நிற்போம்.

#3 பத்தர்வீதி

தம்பி, முதலில் உங்கள் தராசைச் சோதித்தீர்களா? குவளையை அப்புறம் பார்க்கலாம். கும்பகோணத்தில் முப்பது வருஷமாகத் தராசோடுதான் பிழைப்பு. இந்தச் சின்ன எலெக்ட்ரானிக் தராசுகள் மின்விசிறிக் காற்றுக்கே ஆடும். விசிறியை நிறுத்துங்கள். சமமான கல் மேடையில் வையுங்கள். பத்து நிமிஷம் ஓடவிட்டு அப்புறம் நிறுங்கள்.

படிக்கல் இல்லை என்றால் காசு இருக்கிறது. 2011இல் வந்த புது வரிசை ஐந்து ரூபாய் 6.00 கிராம், ஒரு ரூபாய் 3.79, இரண்டு ரூபாய் 4.85. புதுக்காசாகப் பார்த்து எடுங்கள். ஒன்று தப்பினாலும் மற்றது காட்டிக்கொடுக்கும். ஐந்து காசை ஒவ்வொன்றாக வைத்து, அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வாருங்கள். ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது ஒன்றும் காட்டினால் அந்தத் தராசைக் குழந்தைக்கு விளையாடக் கொடுத்துவிடலாம்.

இதைவிட உங்கள் கிரெயினுக்கு நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு. வீட்டில் பெரியவர்களிடம் ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த ரூபாயின் எடைதான் ஒரு தோலா. ஒரு தோலா என்றால் சரியாக 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். அமெரிக்காக்காரர் குழாயில் இருக்கிற அதே கிரெயின்தான். கைபட்டுத் தேய்ந்த காசானால் கொஞ்சம் குறையும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

#4 நெல்லுமூட்டை

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். கிரெயின், கிராம் இரண்டும் ஒன்றுதானே? 80 என்றால் 80 கிராமா?

#5 பத்தர்வீதி

ஐயையோ, இல்லை. ஒரு கிராமுக்கு 15.43 கிரெயின். 80 கிரெயின் என்பது 5.18 கிராம்தான். 80 கிராம் என்று எடுத்துக்கொண்டால் 1,230 கிரெயினைத் தாண்டும், பதினைந்து மடங்குக்கும் மேல். இந்தக் குழப்பத்தில் ஆள் போய்விடுவான். நகைத் தராசில் அலகு மாற்றும் பொத்தான் ஒன்று இருக்கும். அழுத்தினால் கிராம், காரட், அவுன்ஸ், கிரெயின் என்று வரிசையாக மாறும். கைதவறி அழுத்துவது தினமும் நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் மூலையில் என்ன எழுத்து எரிகிறது என்று பார்த்துவிட்டு எண்ணைப் படியுங்கள்.

#6 மன்னைப் பறவை

நான் மன்னார்குடி. இப்போது பென்சில்வேனியாவில் இருக்கிறேன். இங்கே கிறிஸ்துமஸ் கழிந்ததும் சக்கிமுக்கிக்கல் துப்பாக்கிக்கு மட்டும் என்று தனியாக ஒரு மான் வேட்டைப் பருவமே உண்டு. அலுவலக நண்பர்கள் இழுத்துப் போனதில் எனக்கும் இந்தக் கிறுக்கு தொற்றிக்கொண்டது.

கொள்ளிடக்கரை, உங்கள் தாத்தாவின் 3 கிரெயினும் இல்லை, கிராமும் இல்லை. அது டிராம், பழைய ஆங்கிலேய எடை அலகு. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து வந்த மருந்துக் குவளைகளில் இந்த 2½, 2¾, 3 வரிசை வழக்கம். ஒரு டிராம் 27.34 கிரெயின். மூன்று டிராம் என்றால் 82 கிரெயின். இரண்டு என்றால் 54.7. ஆகவே உங்கள் ‘3 என்றால் 80’ கணக்கு தொடக்கத்திலேயே இரண்டு கிரெயின் தவறு. ஆனால் கடுகில் இரண்டும் சமமாக நின்றதே, அதுதான் சுவாரசியம். புதியதும் எங்கேயோ இரண்டு கிரெயின் கூடுதலாகக் கொள்கிறது போலிருக்கிறது.

இன்னொன்று. இந்தக் குழாயில் 80 என்று இருப்பது எடை அல்ல. 80 கிரெயின் எடையுள்ள கருமருந்து (இந்த மாதிரிப் பழைய துப்பாக்கிகளுக்கான கறுப்பு வெடிமருந்து) சுமாராக அடைக்கிற இடம். எடையின் பெயரை இடத்துக்கு வைத்திருக்கிறார்கள், இதில்தான் பாதிப் பேர் விழுவது. தண்ணீர் எவ்வளவு இடம் அடைக்குமோ கிட்டத்தட்ட அதே இடத்தைத்தான் அதே எடைக் கருமருந்தும் அடைக்கும். பழைய பிரிட்டிஷ் பீரங்கிப் படையில் ஒரு பவுண்டு மருந்து 27.73 கன அங்குலத்தில் அடங்கினால் அதன் அடர்த்தி 1 என்று வைத்திருந்தார்கள். ஒரு பவுண்டு தண்ணீர் பிடிக்கிற இடமும் அதுதான். எனவே 100 கிரெயின் கோடு என்றால் 6.48 மில்லி கொள்ள வேண்டும் என்று வைத்துக்கொண்டு சோதிக்கலாம்.

நிஜ மருந்து அந்த 1ஐ விட்டுக் கொஞ்சம் அப்படி இப்படி நிற்கும். நயமான பொடி நெருங்கி உட்காரும், அதே குழாயில் கூடுதலாக நிறுக்கும். பருத்த பொடி குறையும். ஸ்விஸ் என்ற பிராண்டு மருந்து கோயெக்ஸ் என்ற பிராண்டை விடக் கனம். கருமருந்துக்குப் பதிலாக இங்கே விற்கும் பைரோடெக்ஸ் இன்னும் லேசு. அதைக் கருமருந்தின் இடத்துக்குச் சமமாக அளக்கத்தான் சொல்வார்கள், எடைக்குச் சமமாக நிறுத்துப் போடக் கூடாது. ஆகவே நிஜ மருந்தை நிறுத்துப் பார்த்து ‘குழாய் தப்பு’ என்று யாராவது சொன்னால், எந்த மருந்து, எந்தப் பருமன் என்று கேட்காமல் நம்பாதீர்கள்.

#7 சும்மாஒருஆள்

இவ்வளவு தலைவலி எதற்கு? தராசு இருக்கிறது, நேராக நிறுத்துப் போட்டுவிட்டுப் போகலாமே. குழாயைத் தூக்கி அலமாரியில் வையுங்கள்.

#8 மன்னைப் பறவை

வயல் வரப்பில், ராத்திரி, காற்றில், 0.01 கிராம் தராசா? பத்தர் ஐயா விசிறிக்கே ஆடும் என்கிறார்.

இரண்டாவது, இது இடத்தில் அளக்கவே ஏற்ற மருந்து. கருமருந்து ஒன்றிரண்டு கிரெயின் முன்பின் ஆனால் பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது. இங்கே வாராவாரம் குறி பார்த்துச் சுடுகிறவர்கள்கூடப் பெரும்பாலும் குழாயில்தான் அளக்கிறார்கள். குண்டைச் சுற்றும் துணியின் தடிமன், குழலைத் துடைத்த விதம், கையின் நடுக்கம் எல்லாம் இதைவிடக் கூடுதலாகக் குறியைத் தள்ளும். முதல் வெடிக்கும் இரண்டாம் வெடிக்கும் ஒரே அளவு போக வேண்டும், அதுதான் முக்கியம்.

ஆனால் இது கருமருந்துக்கும் அதற்கென்றே செய்த மாற்றுகளுக்கும் மட்டும். புகையில்லா மருந்தை (இக்காலத் தோட்டாக்களில் இருப்பது) இந்தக் குழாயில் அளந்து இந்த மாதிரித் துப்பாக்கியில் போட்டால் குழல் கிழியும். அப்புறம் டப்பாவிலிருந்தோ மருந்து வைக்கும் கொம்பிலிருந்தோ நேராகக் குழல் வாயில் கொட்டவும் கூடாது. உள்ளே ஒரு பொறி மிஞ்சியிருந்தால் கையில் இருப்பது முழுவதும் பற்றும். அளவுக் குவளை இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

#9 அரசலாறு லேத்

கும்பகோணம் பக்கம் லேத் பட்டறை. நாச்சியார்கோவில் விளக்குக்குத் தண்டு கடைந்து கொடுப்பதும் உண்டு, பித்தளை நமக்குப் பழக்கம்தான்.

தம்பி, கடுகு ஒரு காரியத்துக்கு நல்லது. ஆனால் இரண்டும் சமமா என்றுதான் அது சொல்லும், சரியா என்று சொல்லாது. இரண்டு குவளையும் ஒரே அளவு தப்பாக இருந்தால் கடுகு வாய் திறக்காது. உங்களுக்கு அதுதான் நடந்திருக்கலாம்.

வெர்னியர் காலிப்பர் இருக்கிறதா? அதன் பின்பக்கம் ஒரு மெல்லிய கம்பி நீளும், ஆழம் பார்க்க. முதலில் குழாயின் உள் விட்டத்தைப் பாருங்கள். வாயில் ஒரு இடம், உள்ளே முடிந்தவரை ஒரு இடம், அப்புறம் குறுக்கே திருப்பி ஒன்று. கடைசல் சரியில்லை என்றால் உள்ளே போகப் போக ஒடுங்கும். அப்படி ஒடுங்கினால் கோடுகள் சம இடைவெளியில் இருக்கவே கூடாது.

பிறகு தண்டை 50இல் வைத்து ஆழம், 80இல் வைத்து ஆழம், 100இல் வைத்து ஆழம். விட்டத்திலிருந்து பரப்பு, பரப்பை ஆழத்தால் பெருக்கினால் கொள்ளளவு. மன்னைக்காரர் சொன்ன 6.48ஓடு ஒப்பிடுங்கள்.

இங்கேதான் விஷயம். தப்பு இரண்டு ஜாதி. 50இல் ஒரு பங்கு கூடி, 100இல் இரண்டு பங்கு கூடினால் அது விட்டத்தில் அல்லது கோடு போட்டதில் வந்த தப்பு. அதை நாம் சரி செய்ய முடியாது, ஒரு தாளில் ‘இவன் 80 என்றால் நிஜம் 84’ என்று எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். எல்லாக் கோட்டிலும் ஒரே அளவு கூடினால் அது தொடக்கப் புள்ளி தள்ளியது. பெட்ரோல் பங்கில் மீட்டர் பூஜ்யத்திலிருந்து கிளம்பாத மாதிரி. சின்ன அளவில்தான் அது கூடுதலாகக் கடிக்கும். உங்கள் 55 அதிகமாகத் துள்ளுவதைப் பார்த்தால் எனக்கு இரண்டாவது மேல்தான் சந்தேகம்.

#10 பழையஏடு

பழக்கதோஷத்தால் ஒரு வார்த்தை. ஓய்வு பெற்ற தமிழாசிரியன்.

எடையின் பெயரை இடத்துக்கு வைப்பதை மன்னைப் பறவை புதுமைபோல் எழுதியிருக்கிறார். நம் பக்கம் இது தலைகீழாக நடந்தது. 360 நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஒரு ஆழாக்கு என்று எண்ணிக்கையிலிருந்தே முகத்தல் அளவைக் கட்டினார்கள். எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். கிரெயின் என்ற சொல்லும் தானியம்தானே.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லை அளக்க ‘ஆடவல்லான்’ என்ற மரக்கால். அது ராஜகேசரி என்னும் மரக்காலுக்கு ஒப்பானது என்றும் வெட்டியிருக்கிறார்கள். பொன்னை நிறுக்க ‘ஆடவல்லான்’ என்ற கல், ரத்தினங்களுக்கு ‘தட்சிணமேரு விடங்கன்’ என்று வேறு கல். எந்தப் பொருளை எதனால் அளந்தோம் என்று சொல்லாமல் அளவை மட்டும் எழுதினால் பயனில்லை என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தெரிந்திருக்கிறது. இங்கே ஒருவர் வெறும் ‘3’ என்று வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்!

களத்தில் மரக்கால் போடும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ண மாட்டோம், ‘லாபம்’ என்போம். அந்த ‘லாபம்’ கோபுரமாகக் குவிந்ததா, தலை தட்டியதா என்பதில்தான் எத்தனை சண்டை பார்த்திருக்கிறேன்.

#11 நெல்லுமூட்டை

ஐயா சொன்னதும் ஞாபகம் வருகிறது. எங்கள் அப்பா மரக்காலைப் பார்க்க மாட்டார், அளக்கிறவன் முழங்காலைப் பார்ப்பார். முழங்காலால் மரக்காலை ஒரு இடி இடித்தால் நெல் இறங்கி இன்னொரு பிடி கொள்ளும்.

#12 கொள்ளிடக்கரை

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதுதான் வேலை. வீட்டில் ஏச்சு.

தராசு: அப்பாயி தகரப் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளி ரூபாய் எடுத்துக் கொடுத்தார்கள். 11.61 கிராம். விளிம்பு கொஞ்சம் மழுங்கியிருக்கிறது. ஐந்து ரூபாய்க் காசுகள் மூன்று, 5.99, 6.00, 6.00. தராசு பாஸ் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பழைய குவளை: அடியைச் சுற்றி வாஸலின் தடவி ஒழுக்கை அடைத்து, 3இல் வைத்துத் தண்ணீர் நிரப்பி நிறுத்தேன். முதலில் 5.6 வந்தது. கண்ணை விளிம்புக்கு நேராக வைத்துப் பார்த்தால் தண்ணீர் விளிம்புக்கு மேலே குமிழியாக நிற்கிறது! சின்ன வாயானதால் அதுவே பெரிய தப்பு. பழைய கண்ணாடித் துண்டு ஒன்றை மேலே சரித்துத் தள்ளி, வழிந்ததைத் துடைத்துவிட்டு நிறுத்தேன். 5.29, 5.34, 5.31. மூன்று டிராமுக்கு 5.315 வர வேண்டும். தாத்தாவின் குவளை அப்பழுக்கில்லை.

புதிய குழாய்: உள் விட்டம் வாயிலும் உள்ளேயும் 12.5 மில்லிமீட்டர், ஒடுக்கம் இல்லை. அப்படியானால் 100 கிரெயினுக்கு ஆழம் 52.8 வர வேண்டும். வருவது 54.1. 80க்கு 42.2 வர வேண்டிய இடத்தில் 43.5. 50க்கு 26.4, வருவது 27.7.

எல்லாவற்றிலும் அதே 1.3 மில்லிமீட்டர். லேத் அண்ணன் சொன்ன இரண்டாம் ஜாதி! அந்த 1.3க்கு ஏறக்குறைய இரண்டரை கிரெயின். ஆகவே 80 என்றது நிஜத்தில் 82.5. தாத்தாவின் 3 நிஜத்தில் 82. இரண்டும் சந்தித்துக்கொண்டு என்னை ஏமாற்றியிருக்கின்றன.

அமெரிக்காவில் செய்தது இப்படியா என்று மச்சானிடம் போனில் கேட்டேன். கோபித்துக்கொண்டார்.

#13 அரசலாறு லேத்

மச்சானோடு சண்டைக்குப் போவதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். தண்டு வெளியே வருகிற ஓட்டையின் விளிம்பு எப்படி இருக்கிறது? தட்டையாகவா, உள்பக்கம் குடைந்து சரிவாகவா? அந்தச் சரிவை நாங்கள் சாம்பர் என்போம். ஓட்டை போட்டவன் பிசிறு எடுக்க எப்போதும் கொஞ்சம் குடைவான். கோட்டை எந்த விளிம்போடு சேர்த்து வைத்தீர்கள்?

#14 கொள்ளிடக்கரை

அண்ணே, குடைவு இருக்கிறது. நான் கோட்டை வெளி விளிம்போடு சேர்த்து வைத்தேன். குடைவின் ஆழத்தைப் பார்த்தேன். 1.3.

டார்ச் அடித்து, கோடு குடைவின் அடியில், தண்டும் பித்தளையும் தொடுகிற இடத்தில் வருகிற மாதிரி வைத்து மறுபடி அளந்தேன். 80க்கு 42.3. 50க்கு 26.4. 100க்கு 52.8.

குழாய்மேல் தப்பில்லை, படித்தவன்மேல் தப்பு. மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.

#15 சும்மாஒருஆள்

இரண்டரை கிரெயினுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாழ்க.

#16 தீவட்டி

திருவிழாக்களில் வேட்டுப் போடும் குடும்பம். லைசென்ஸ் எடுத்துச் செய்கிறோம். இங்கே எல்லோரும் கடுகிலும் தண்ணீரிலும் நின்றது ரொம்ப நல்லது. தண்ணீர் ஊற்றிய குவளையை அன்றைக்கே மருந்துக்கு எடுக்காதீர்கள். துடைத்து, வாஸலினையும் சுத்தமாக எடுத்து, வெயிலில் காயவைத்து அப்புறம்தான். உள்ளே ஒரு ஈரப்பொட்டு இருந்தால் மருந்து ஒட்டிக்கொள்ளும். அடுத்த தடவை அளவு குறையும், ஒட்டியது கட்டியாகும். எங்களுக்கு ஐப்பசி மழையில் பெரிய தொல்லையே இந்த ஒட்டல்தான்.

நிஜ மருந்தை ஒரு தடவை நிறுத்துப் பார்க்க ஆசைப்பட்டால் வீட்டுக்கு வெளியே, நிழலில். பீடி, சிகரெட், அடுப்பு, சாமி விளக்கு எதுவும் பக்கத்தில் ஆகாது. டப்பாவைத் தூரத்தில் மூடி வைத்துவிட்டு ஒரு அளவு மட்டும் கொண்டுவாருங்கள். எங்கள் அப்பா மருந்து இருக்கிற இடத்தில் நைலான் சட்டைகூடப் போட விடமாட்டார்.

அப்புறம் ஒரு கேள்வி. பத்து தடவை அளந்தேன் என்கிறீர்கள், சராசரியை மட்டும் சொன்னீர்கள். பத்தும் என்னென்ன? அளந்தது நீங்களா, சித்தப்பாவா? ஒரே கரண்டியில் நானும் என் தம்பியும் அளந்தால் வேறு வேறு வரும்.

#17 கொள்ளிடக்கரை

தீவட்டி அண்ணே, நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. நான் அளந்த பத்தும் 3.60இலிருந்து 3.66 வரை. சித்தப்பாவைக் கூப்பிட்டு அதே பழைய குவளையில், அதே கடுகை, அதே 3இல் பத்து தடவை அளக்கச் சொன்னேன். ஏன் எதற்கு என்று சொல்லவில்லை.

அவர் நிரப்பி, ஆள்காட்டி விரல் நகத்தால் பக்கத்தில் மூன்று தட்டு தட்டுவார். இறங்கினதும் இன்னும் கொஞ்சம் போட்டு, தீக்குச்சியால் தலை தட்டுவார். பத்துக்கும் இதேதான், ஒரு தட்டு கூடவில்லை குறையவில்லை. அவர் அளந்தது 3.80இலிருந்து 3.82க்குள்.

என்னைவிட ஐந்தரை சதவீதம் கூட. கிரெயினில் சொன்னால் நாலரை. நான் ஞாயிறு முழுக்கத் துரத்திய இரண்டரையைவிட அது பெரிது! ஆனால் இதையும் பாருங்கள்: நான் தட்டாமல் அளந்ததில் 0.06 ஆட்டம், அவர் தட்டி அளந்ததில் 0.02.

“ஏன் சித்தப்பா மூன்று தட்டு?” என்றேன். “அப்பா மூணு தட்டுவார்” என்றார். அவ்வளவுதான் பதில்.

#18 மன்னைப் பறவை

சித்தப்பாவுக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள். இங்கே பெரிய பெரிய ஆட்களும் இதைத்தான் சொல்கிறார்கள். தட்டாமல் விட்டால் ஒவ்வொரு தடவையும் பொடி வேறு மாதிரி விழும். எண்ணித் தட்டினால் ஒரே இடத்தில் போய் உட்காரும். எத்தனை தட்டு என்பது உங்கள் இஷ்டம், ஆனால் மாற்றக் கூடாது. நான் புனலைத் திருப்புவதற்கு முன்னால் ஐந்து தட்டுவேன்.

ஒரு எச்சரிக்கை. தாத்தா அந்த மூன்று தட்டோடு சேர்த்துத்தான் தன் அளவை முடிவு செய்திருப்பார். நீங்கள் நாளைக்குப் புதுக் குழாயைக் கொடுத்து, சித்தப்பா பழக்கத்தில் அதையும் தட்டினால், கோடு 80 என்று சொல்லும், உள்ளே போவது கூடுதலாக இருக்கும். புதியதற்கு மாறினால் கடுகை வைத்து, தட்டிய பழையதற்குச் சமமாகத் தட்டிய புதியது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று ஒரு தடவை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

#19 அரசலாறு லேத்

குறிப்பது என்றால் ஆணியால் கீறாதீர்கள், தயவுசெய்து. பிசிறு எழும்பும், தண்டு உரசும். ஒரு நாள் பட்டறைப் பக்கம் எடுத்து வாருங்கள், மெல்லிய கோடு ஒன்று கடைந்து தருகிறேன். டீ மட்டும் உங்கள் செலவு.

#20 கொள்ளிடக்கரை

வருகிறேன் அண்ணே. ஆனால் சித்தப்பா புதியதைக் கையால் தொடவில்லை. “நல்லாத்தான் இருக்கு, நீயே வச்சுக்க” என்று சொல்லிவிட்டுத் தாத்தாவின் குவளையை வேட்டி நுனியால் துடைத்து, பழையபடி பரணில் வைத்துவிட்டார். புதியது இப்போது அடுப்படியில் இருக்கிறது. என் மனைவி அதில் கடுகு அளக்கிறாள்.

#21 பத்தர்வீதி

எல்லாம் இருக்கட்டும். அந்த ரூபாய் எந்த வருஷம்? 11.61 என்றால் அவ்வளவு தேயவில்லையே.

#22 கொள்ளிடக்கரை

1917 ஐயா. ஐந்தாம் ஜார்ஜ். இன்னொரு தடவை நிறுத்துப் பார்க்கலாம் என்று போனேன், பெட்டியைப் பூட்டிவிட்டார்கள் அப்பாயி.